8 கோர் வென்ற இடம், 24 கோர் வென்ற இடம்

2024 அக்டோபர் 24-ஆம் தேதி இன்டெல் தன் கோர் அல்ட்ரா 9 285கே புராசஸரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சரியாக இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 7-ஆம் தேதி, ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி வந்தது. முதலாவதில் 24 கோர் (புராசஸருக்குள் கணக்குப் போடும் தனித்தனிப் பகுதிகள்), அறிவித்த விலை 589 டாலர். இரண்டாவதில் 8 கோர்தான், விலை 479 டாலர். கேம்களில் 8 கோர் சிப் 24 கோர் சிப்பைத் தெளிவாகத் தோற்கடித்தது. ஆனால் சினிபெஞ்ச் 2024 போல எல்லாக் கோர்களையும் ஒருசேர ஓட்டும் சோதனையில், அதே 24 கோர் சிப் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு வேகம் காட்டியது.

கேமுக்கு ஒன்று, எடிட்டிங்குக்கு ஒன்று என்று புராசஸரைப் பிரித்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இரண்டு வாரத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன். இரண்டுமே அந்தந்த நிறுவனத்தின் பெருமைக்குரிய தயாரிப்பு. இரண்டையும் செய்து கொடுத்தது தைவானின் டிஎஸ்எம்சி ஆலைதான். 285கே-யின் கோர்கள் இருக்கும் பகுதியைக்கூட இன்டெல் அங்கேதான் செய்து வாங்கியது. இரண்டிலுமே திறமைக்குக் குறைவில்லை. அப்படியிருந்தும் வேலைக்கு வேலை முடிவு தலைகீழாகிறது. காரணம் என்ன என்று பார்த்துவிட்டால், கடைக்காரர் சொல்லும் கோர் எண்ணிக்கையையோ கிகாஹெர்ட்ஸையோ மட்டும் வைத்துப் பணம் கொடுக்க மாட்டீர்கள்.

ஒரு ஃப்ரேமுக்குள் நடப்பது

திரையில் நொடிக்கு 144 ஃப்ரேம் (அசையும் காட்சியின் ஒவ்வொரு படம்) வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 7 மில்லிநொடிக்கும் குறைவு. அதற்குள் புராசஸர் உங்கள் மவுஸ் அசைவை வாங்க வேண்டும், எதிரி எங்கே நிற்கிறான் என்று கணக்கிட வேண்டும், எது எதில் மோதியது என்று பார்க்க வேண்டும், கடைசியில் எதையெல்லாம் வரைய வேண்டும் என்ற பட்டியலை கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்க வேண்டும். இவற்றில் பல ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும். எதிரி எங்கே என்று தெரியாமல் அவன் மேல் குண்டு பட்டதா என்று சொல்ல முடியாது. அதனால் ஆறு, எட்டு கோர்களுக்கு மேல் கொடுத்தால் பெரும்பாலான கேம்களுக்கு அதைப் பயன்படுத்தத் தெரிவதில்லை. மீதிக் கோர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். கேம் உலகத்தின் தகவல்கள் ராம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். ஒரு பொருளின் விவரத்தைப் படித்தால்தான் அடுத்த பொருள் எங்கே இருக்கிறது என்றே தெரியும். எதைக் கேட்கப் போகிறோம் என்று புராசஸரால் முன்கூட்டியே ஊகிப்பது கடினம். 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோர் ஒரு நானோநொடிக்கு 5 முறை துடிக்கிறது. ராம் வரை போய்வர 80 நானோநொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால் 400 துடிப்பு வீண். அதே தகவல் சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்3 கேச்சில் இருந்தால் 10 நானோநொடியை ஒட்டிக் கிடைத்துவிடும்.

சமையலறையில் கைக்கெட்டும் தூரத்தில் அஞ்சறைப் பெட்டி இருக்கும். அதில் இல்லாததை எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போக வேண்டும். அங்கேயும் இல்லையென்றால் தெருமுனை மளிகைக் கடைக்கு. தாளிக்கும் நேரத்தில் கடுகு தீர்ந்துவிட்டால் அடுப்படியில் எத்தனை பேர் நின்றாலும் பயனில்லை. கடைக்குப் போனவர் வந்தாக வேண்டும். எல்3 கேச் என்பது அந்த ஸ்டோர் ரூம். 285கே-யில் அதன் அளவு 36 எம்பி. 9800எக்ஸ்3டி-யில் 96 எம்பி. கேமில் 8 கோர் ஜெயித்ததற்கு முதல் காரணம் இந்த ஓர் எண்தான்.

96 எம்பி எப்படி வந்தது

இந்தக் கதை 2021 ஜூன் மாதம் கம்ப்யூடெக்ஸ் என்ற கணினிக் கண்காட்சி மேடையில் தொடங்குகிறது. கோவிட் காலம் என்பதால் நிகழ்ச்சி இணையவழியில் நடந்தது. ஏஎம்டியின் தலைவர் லிசா சூ ஒரு சோதனைச் சிப்பைக் கையில் எடுத்துக் காட்டினார். கோர்கள் இருக்கும் சிலிக்கான் துண்டின் மேல், 6 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் அளவில் இன்னொரு துண்டு ஒட்டியிருந்தது. அதில் இருந்தது 64 எம்பி கேச், வேறொன்றுமில்லை. நடுவில் ஈயப் பற்றுக்குமிழ் எதுவும் வைக்காமல், செம்போடு செம்பை நேராகப் பொருத்தியிருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் சொன்ன கணக்கு: கேம்களில் சராசரியாக 15 சதவீத முன்னேற்றம்.

அடுத்த வருடம், 2022 ஏப்ரல் 20-ஆம் தேதி, இது ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற பெயரில் 449 டாலருக்குக் கடைக்கு வந்தது. ஏற்கெனவே இருந்த 5800எக்ஸ் புராசஸரின் 32 எம்பி மேல் இன்னொரு 64 எம்பியை அடுக்கியது, அவ்வளவே. ஆனால் அடுக்கியதற்கு ஒரு விலை இருந்தது. மேலே ஒரு துண்டு உட்கார்ந்தால் கீழே இருக்கும் கோர்களின் சூடு கூலருக்குப் போகும் வழி தடைபடும். கேச் துண்டு அதிக வோல்டேஜையும் தாங்காது. ஆகவே உச்ச வேகத்தை 4.7-லிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸாகக் குறைத்தார்கள், ஓவர்கிளாக் செய்து வேகத்தை நாமே கூட்டும் வழியையும் அடைத்தார்கள். விளைவாக, பிளெண்டர் (3டி மென்பொருள்), சினிபெஞ்ச் சோதனைகளில் புதிய சிப் பழைய 5800எக்ஸைவிடச் சற்றுப் பின்தங்கியது. கேமுக்கும் படைப்பு வேலைக்கும் நடுவே ஏஎம்டி தெரிந்தே ஒரு கோடு போட்டது அப்போதுதான்.

கூடுதல் கேச் என்றாலே கேமுக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 5800எக்ஸ்3டி வருவதற்கு ஒரு மாதம் முன்பே இதே நுட்பத்தை எபிக் சர்வர் புராசஸர்களில் ஏஎம்டி விற்கத் தொடங்கிவிட்டது. ஒரு சிப்பில் 768 எம்பி எல்3 வரை. வாங்கியவர்கள் காற்றோட்டக் கணிப்பு, சிப் வடிவமைப்புச் சரிபார்ப்பு போன்ற பொறியியல் வேலை பார்ப்பவர்கள். அந்த வேலைகளும் கேமைப் போலவே சிதறிய தகவலைத் தேடி ராமுக்கு ஓடுபவை. எனவே இந்தப் பிரிவினை 'விளையாட்டு, வேலை' என்பதில் இல்லை. உங்கள் வேலை எதற்காகக் காத்திருக்கிறது, தகவலுக்காகவா, கணக்குப் போடும் கைகளுக்காகவா என்பதில்தான் இருக்கிறது.

2024-இல் வந்த 9800எக்ஸ்3டி-யில் செய்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. கேச்சை மேலிருந்து எடுத்துக் கோர்களுக்குக் கீழே வைத்துவிட்டார்கள். சூடு நேராகக் கூலருக்குப் போகிறது. முந்தைய 7800எக்ஸ்3டி-யில் 4.2 கிகாஹெர்ட்ஸாக இருந்த அடிப்படை வேகம் 4.7 ஆனது, உச்சம் 5.0-லிருந்து 5.2 ஆனது, ஓவர்கிளாக்கும் திறந்தது. அப்படியும், அதே தலைமுறையில் கூடுதல் கேச் இல்லாத 8 கோர் 9700எக்ஸின் உச்சம் 5.5. வித்தியாசம் சுருங்கியிருக்கிறது, முழுதாக மறையவில்லை.

இன்டெல் பக்கம் என்ன நடந்தது

285கே-யை அவசரத்தில் செய்த சிப் என்று சொல்வது நியாயமாகாது. அதற்கு முந்தைய 13, 14-ஆம் தலைமுறைச் சிப்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் நிலைகுலைவு வந்ததை இன்டெலே 2024 ஜூலையில் ஒப்புக்கொண்டு, பிறகு மைக்ரோகோட் (சிப்புக்குள் இருக்கும் கட்டளைத் தொகுப்பு) திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அந்தச் சூழலில் மின்சாரத்தைக் குறைப்பதுதான் புதிய சிப்பின் முதல் நோக்கம். கேமில் முந்தைய 14-ஆம் தலைமுறையின் 14900கே-யை ஒட்டித்தான் இருக்கும், ஆனால் மின்சாரம் குறைவாக இழுக்கும் என்று வெளியீட்டுக்கு முன்பே சொன்னார்கள்.

சோதனையாளர்கள் கையில் கிடைத்தபோது பல கேம்களில் அது 14900கே-யைவிடவே பின்தங்கியது. இன்டெலின் ராபர்ட் ஹாலக், எதிர்பார்த்தபடி வெளியீடு அமையவில்லை என்று பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். 2022-இல் 5800எக்ஸ்3டி-யை ஏஎம்டி சார்பில் விளக்கியவரும் இவரே. கேச் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டிசம்பரில் இன்டெல் காரணங்களை வெளியிட்டது. விண்டோஸில் இருக்க வேண்டிய மின்சார மேலாண்மைத் தொகுப்பு வெளியீட்டு நாளில் போய்ச் சேரவில்லை, மதர்போர்டைத் தொடக்கி வைக்கும் பயாஸ் மென்பொருளின் அமைப்புகள் போர்டுக்குப் போர்டு வேறுபட்டன என்று சில. திருத்தங்களும் வந்தன. அவற்றுக்குப் பிறகு செய்த மறுசோதனைகளிலும் கேம் வரிசை பெரிதாக மாறவில்லை.

மாறாததற்குக் காரணம் சிப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. முன்பு ஒரே சிலிக்கான் துண்டாக இருந்ததை இன்டெல் இதில் பல துண்டுகளாகப் பிரித்தது. கோர்கள் ஒரு துண்டில். ராமோடு பேசும் கட்டுப்பாட்டுப் பகுதி வேறொரு துண்டில். ஒவ்வொரு முறை ராமுக்குப் போகும்போதும் துண்டு விட்டுத் துண்டு தாண்ட வேண்டும், காத்திருப்பு நேரம் கூடுகிறது. மளிகைக் கடையை இன்னும் இரண்டு தெரு தள்ளி வைத்தது மாதிரி. ஏஎம்டியிலும் இதே மாதிரிப் பிரிவு உண்டு, ராம் தாமதம் அங்கேயும் குறைவில்லை. ஆனால் 96 எம்பி ஸ்டோர் ரூம் இருப்பதால் கடைக்குப் போகும் தடவையே குறைந்துவிடுகிறது.

ரெண்டர் வேலைக்கு, அதாவது 3டி காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் வேலைக்கு, வந்தால் இதெல்லாம் பின்னுக்குப் போய்விடும். பிளெண்டரில் ஒரு காட்சியைப் புராசஸர் கொண்டு ரெண்டர் செய்யும்போது, படத்தின் இந்த மூலைக்கு அந்த மூலையின் விடை தேவையில்லை. எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனை பங்காகப் பிரித்துக் கொடுக்கலாம். கல்யாண வீட்டில் காய் நறுக்குவது போல: ஆள் கூடக் கூட வேலை சீக்கிரம் முடியும். 285கே-யின் 8 பெரிய கோர்களும் 16 சிறிய கோர்களும் இங்கேதான் தங்கள் முழு மதிப்பையும் காட்டின. சிறிய கோர்களை ஏதோ கணக்குக் காட்டச் சேர்த்தவை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். இந்தத் தலைமுறையில் அவை நிஜமாகவே பலசாலிகள். ஒரே கோரில் ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட் (வேலைச் சரம்) ஓட்டும் ஹைப்பர்த்ரெடிங் வசதியைப் பெரிய கோர்களிலிருந்து நீக்கிய பிறகும், மொத்த வேலையில் 14900கே-யைத் தாண்ட முடிந்ததற்கு அவைதான் பெரிய காரணம்.

படைப்பு வேலை என்பது ஒரே வேலை இல்லை

இந்த ஒப்பீட்டைப் படிப்பவர்கள் பலர் வழுக்கி விழும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். சினிபெஞ்ச் எண்ணைப் பார்த்துவிட்டு, 'நான் எடிட்டிங் செய்கிறேன், எனக்கு 24 கோர்' என்று முடிவெடுக்கிறார்கள். சினிபெஞ்ச் ஒரு 3டி ரெண்டர் சோதனை. வீடியோ எடிட்டிங் அப்படி ஓடுவதில்லை.

ஃபோட்டோஷாப்பில் பெரும்பாலான வேலைகள் சில கோர்களோடு நின்றுவிடும். ஒரு கோரின் வேகமே அங்கே தீர்மானிக்கும். லைட்ரூமில் 800 கல்யாணப் படங்களை எக்ஸ்போர்ட் செய்தால் ஒவ்வொரு படமும் தனி வேலை, அங்கே கோர் எண்ணிக்கை உதவும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இப்போது பல ஃப்ரேம்களை ஒரே நேரத்தில் ரெண்டர் செய்கிறது, ஆனால் அதற்கேற்ப ராமையும் விழுங்கும். 16 ஜிபி ராம் வைத்துக்கொண்டு 24 கோர் வாங்குவது வீண். டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ மென்பொருளில் கலர் வேலையின் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டின் தலையில்தான் விழும். பிளெண்டரிலேயே நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதன் ரெண்டர் பகுதியான சைக்கிள்ஸை அதில்தான் ஓட்டுவார்கள். கார்டின் நினைவகத்தில் அடங்காத பெரிய காட்சி என்றால்தான் புராசஸருக்கு வர வேண்டியிருக்கும்.

வீடியோவில் இன்னொன்று உண்டு; பெஞ்ச்மார்க் பட்டியல்களில் இது சுலபமாகக் கண்ணில் படாது. சோனி, கேனான் கேமராக்கள் பலவற்றில் எச்.265 என்ற சுருக்கிய வீடியோ வடிவில் 4:2:2 10-பிட் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. வண்ணத் தகவல் கூடுதலாக இருப்பதால் எடிட்டர்கள் விரும்பி எடுப்பார்கள். அந்தக் கோப்பைப் பிரித்துக் காட்டும் தனி வன்பொருள் இன்டெல் புராசஸர்களுக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதியில் பல ஆண்டுகளாகவே உண்டு. ஏஎம்டியின் உள்ளமைந்த கிராபிக்ஸில் அது இல்லை. என்விடியா கார்டுகளிலும் 2025 தொடக்கத்தில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வரும்வரை இல்லை. இந்த வன்பொருள் இல்லாத கணினியில் டைம்லைனை இழுத்தால் படம் தத்தித் தத்தித்தான் நகரும், புராசஸர் முழுவதும் அந்தக் கோப்பைப் பிரிப்பதிலேயே திணறும். அத்தனை கோர்களாலும் ஈடுகட்ட முடியாத வேலையை, சிப்பின் ஒரு மூலையில் இருக்கும் சிறு பகுதி அலட்டிக்கொள்ளாமல் செய்துவிடும்.

எனவே கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒருவர் ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டு வைத்திருந்து, 4:2:2-இல் படம் எடுக்கிறார் என்றால், நான் யோசிக்காமல் இன்டெல் பக்கம் கை காட்டுவேன். அதிலும் பெயர் கடைசியில் 'எஃப்' எழுத்து உள்ள சிப்பை வாங்க வேண்டாம் என்பேன். விலை கொஞ்சம் குறையும், ஆனால் அதில் கிராபிக்ஸ் பகுதியை முடக்கியிருப்பார்கள், இந்த வசதியும் கூடவே போய்விடும். அவரிடம் ஆர்டிஎக்ஸ் 50 கார்டு இருந்தால் கதை வேறு. அந்த ஒரு காரணத்துக்காக இன்டெல் வாங்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது.

கேம் சோதனைகளை எப்படிப் படிப்பது

9800எக்ஸ்3டி 285கே-யைவிடச் சராசரியாக 20 சதவீதம் வேகம் என்று ஏஎம்டி சொன்னது. தனியாகச் சோதித்த பலருக்கு அதைவிடக் கூடவே வந்தது. சரி, இதை நம்பி ஓடிப்போய் வாங்கலாமா?

அந்தச் சோதனைகள் அன்றைக்குச் சந்தையிலேயே வேகமான ஆர்டிஎக்ஸ் 4090 கார்டில், 1080பி திரையில் செய்தவை. அதில் தப்பு ஒன்றும் இல்லை. புராசஸரின் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கிராபிக்ஸ் கார்டு குறுக்கே நிற்கக் கூடாது. ஆனால் வீட்டில் ஆர்டிஎக்ஸ் 4060 வைத்து 1440பி-யில் எல்லா அமைப்பையும் உயர்த்தி விளையாடுபவருக்கு, புராசஸர் ஃப்ரேமை முடித்துக் கொடுத்துவிட்டுக் கார்டுக்காகக் காத்திருக்கும். அங்கே 479 டாலர் சிப்புக்கும் அதில் பாதி விலைச் சிப்புக்கும் வித்தியாசம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. அந்த மீதிப் பணத்தைக் கார்டில் போட்டால் உடனே தெரியும். 4கே-யில் இது இன்னும் கூடுதல் உண்மை.

அதையும் மீறிக் கூடுதல் கேச்சுக்குப் பணம் கொடுக்கத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். 240 ஹெர்ட்ஸ் திரையில் போட்டி கேம் ஆடுபவர்கள், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் போன்ற பறத்தல் கேம்களில் மூழ்கிக் கிடப்பவர்கள், ஃபேக்டோரியோவில் பெரிய பெரிய தொழிற்சாலைகள் கட்டுபவர்கள். இவர்களுக்குச் சராசரி எண்ணைவிடத் தாழ்வான ஃப்ரேம்களின் எண் முக்கியம். நூறு ஃப்ரேமில் ஒன்று தாமதமாக வந்தாலே கண் அதைப் பிடித்துவிடும். தடுக்கி விழுவது போன்ற அந்த உறுத்தலைக் குறைப்பதில் பெரிய கேச் நன்றாகவே உதவுகிறது.

பகலில் எடிட்டிங், ராத்திரியில் கேம்

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்காக ஏஎம்டி முதலில் கொண்டுவந்தது 2023 பிப்ரவரி 28-ஆம் தேதி வெளியான 7950எக்ஸ்3டி. 16 கோர், 699 டாலர். எட்டு எட்டுக் கோராக இரண்டு துண்டுகள். ஒன்றின் மேல் மட்டும் கூடுதல் கேச், மற்றொன்று கூடுதல் கேச் இல்லாமல் 5.7 கிகாஹெர்ட்ஸ் வரை வேகமாக ஓடும். கேம் வந்தால் கேச் இருக்கும் பாதிக்கு, ரெண்டர் வந்தால் இரண்டு பாதிக்கும். காகிதத்தில் மிக அழகான ஏற்பாடு.

சிக்கல், எது கேம் என்று விண்டோஸுக்கு யார் சொல்வது என்பதில். அந்தப் பொறுப்பை விண்டோஸோடு வரும் எக்ஸ்பாக்ஸ் கேம் பாரிடமும் ஏஎம்டியின் சிப்செட் டிரைவர் மென்பொருளிடமும் கொடுத்தார்கள். கேம் பார் 'இது கேம்' என்று அடையாளம் கண்டால், கூடுதல் கேச் இல்லாத பாதியைத் தூங்க வைத்துவிடும். கேம் பாரை யாராவது நீக்கியிருந்தாலோ, பழைய டிரைவர் இருந்தாலோ, கேமின் வேலை தப்பான பாதிக்கும் சிதறும். 16 கோர் சிப் வாங்கியவருக்கு 8 கோர் சிப்பின் வேகமே கிடைக்காது. அதே ஆண்டு ஏப்ரலில் 449 டாலருக்கு வந்த 7800எக்ஸ்3டி-யில் இந்தக் குழப்பமே இல்லை. ஒரே பாதி, எல்லாக் கோருக்கும் கேச். கேமில் அது 7950எக்ஸ்3டி-க்குச் சமமாகவே நின்றது, சில இடங்களில் முந்தவும் செய்தது. 7950எக்ஸ்3டி-யோடு சேர்ந்தே 599 டாலருக்கு வந்த 12 கோர் 7900எக்ஸ்3டி-யை நான் யாருக்கும் சொன்னதில்லை. ஆறு ஆறாகப் பிரித்திருப்பதால் கேச்சோடு கேமுக்குக் கிடைப்பது 6 கோர்தான்.

2025 மார்ச் 12-ஆம் தேதி வந்த 9950எக்ஸ்3டி இதே ஏற்பாட்டின் அடுத்த படி. விலை அதே 699 டாலர், கேச் இன்னமும் ஒரு பாதிக்குத்தான். ஆனால் கேச் கீழே போய்விட்டதால் வேகத்தில் விட்டுக்கொடுப்பது சொற்பம். படைப்பு வேலைகளில் கூடுதல் கேச் இல்லாத 9950எக்ஸை ஒட்டி நிற்கிறது, கேமில் 9800எக்ஸ்3டி-யை ஒட்டி நிற்கிறது. இரண்டையும் தொழில்போலச் செய்பவர் ஒருவர் ஒரே கணினிதான் வாங்க முடியும் என்றால், இன்றைக்கு நான் சொல்வது இதைத்தான். பகல் வேலை ஃபோட்டோஷாப்பும் சின்னச் சின்ன ரீல்ஸும்தான் என்றால் 9800எக்ஸ்3டி தாராளம். 220 டாலரை ராமிலும் எஸ்எஸ்டியிலும் போடலாம். பகல் முழுக்க ரெண்டரும் புரோகிராம் கம்பைலும், கேம் எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றால் 285கே அல்லது 9950எக்ஸ் போதும்.

9950எக்ஸ்3டி வாங்கி மாட்டியவர்கள் முதல் நாளே செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. பயாஸையும் சிப்செட் டிரைவரையும் புதுப்பித்து, விண்டோஸில் கேம் மோடும் கேம் பாரும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒரு கேமைத் திறந்து ஓடவிட்டு, பக்கத்தில் ரிசோர்ஸ் மானிட்டரின் சிபியு பக்கத்தைத் திறங்கள். ஒவ்வொரு கோரும் இரண்டு த்ரெட் ஓட்டுவதால் 0 முதல் 31 வரை சிறு சிறு வரைபடங்கள் தெரியும். 16 முதல் 31 வரை உள்ளவற்றின் பக்கத்தில் 'பார்க்டு' (தூங்க வைக்கப்பட்டது) என்று வந்தால், கேம் சரியான பாதியில்தான் ஓடுகிறது. வரவில்லை என்றால் கேம் பாரைத் திறந்து, அந்தக் கேம் ஓடும்போதே 'இதைக் கேமாக நினைவில் வை' என்ற பெட்டியைத் தட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.